நமக்கு நாமே பெரட்டு!

(பரிசளிப்பு விழாவில், இப்பள்ளியின் முன்னாள் மாணவரும் பணி ஓய்வு பெற்ற அரசாங்க மருத்துவ உதவியாளருமான சிறப்புப் பேச்சாளர் ஆற்றிய உரை)

 

இந்தப் பள்ளியில் படித்தவன் நான். அந்த நாளில் இது பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட கட்டடம். மழை பெய்தால் ஆசிரியர் பேசுவது காதில் விழாது. அதனால் மழையென்றால் எங்களுக்குக் கொண்டாட்டம்! இன்று மாடிக் கட்டடமாய் நிமிர்ந்து நிற்கும் பள்ளியைப் பார்க்கும்போது நெஞ்சம் நிறைகிறது.

தலைமையாசிரியர் அம்மா என்னை அழைத்தபோது ஒன்று சொன்னார்கள். "உடல்நலத்தைப் பற்றிப் பேசுங்கள் ஐயா. ஆனால் கீரை சாப்பிடு, உடற்பயிற்சி செய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் நம்மால் தொடர்ந்து செய்ய முடியவில்லை, அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். சரியான கேள்வி! அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் பல ஆண்டு அலைந்திருக்கிறேன். கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன். பேச்சு முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று மாணவர்கள் காத்திருப்பது எனக்குத் தெரியும். ஆகையால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

என் அண்ணன் கதை

பெரியோர்களே! என் உத்தியோகம் புண்ணுக்கு மருந்து கட்டுவது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைத்தான் செய்தேன். காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் வரிசையில் எத்தனை பேர் நம்மவர்கள் என்று எண்ணி எண்ணி மனம் நொந்தவன் நான். "சின்ன முள்ளுதாங்க குத்திச்சு" என்பார்கள். முள் சின்னதுதான். ஆனால் இனிப்பு நீர் முற்றிய காலில் உணர்ச்சி இருக்காது; இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். குத்தியது தெரியாது, தெரியும்போது புண் எலும்புவரை போயிருக்கும்.

2004ஆம் ஆண்டு அந்த வரிசையில் என் சொந்த அண்ணனே வந்து உட்கார்ந்தார். லாரி ஓட்டுநர். போர்ட் கிள்ளானிலிருந்து இரவெல்லாம் ஓட்டுவார். தூக்கம் வராமலிருக்க வழியெல்லாம் தே தாரிக், புட்டிப் பானம். நல்ல ஆகிருதி. "ஆம்பளைன்னா தொந்தி இருக்கணும்டா" என்று சிரிப்பார். முட்டிக்குக் கீழே அவர் காலை எடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவரும் போய்விட்டார். ஊருக்கெல்லாம் மருந்து கட்டியவனுக்கு உடன்பிறந்த அண்ணனைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்ற வேதனை இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. சுகாதார அமைச்சு 2023இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 100க்கு 54 பேருக்கு மேல் உடல் எடை அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. 100க்கு ஏறக்குறைய 16 பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நாம் இன்னும் மோசம். 2019ஆம் ஆண்டு ஆய்வில் நீரிழிவில் முதலிடம் நமக்குத்தான். இந்தியர்களில் பத்துப் பேருக்கு மூவர்! படிப்பில் முதலிடம் வாங்கலாம், விளையாட்டில் முதலிடம் வாங்கலாம். இதிலா வாங்குவது?

மூன்று முறை தொடங்கினேன்

மற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அப்போது என் எடை 94 கிலோ. சீருடைப் பித்தான் தெறித்து நோயாளி மடியில் விழுந்த சம்பவமும் உண்டு!

முதல் முறை, ஒரு புத்தாண்டு அன்று சபதம் எடுத்தேன். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய் விலை உயர்ந்த காலணி வாங்கினேன். மூன்று வாரம் வீராவேசமாக நடந்தேன். நான்காம் வாரம் மழை. மறுநாள் விருந்து. அதற்கு மறுநாள் "நாளைக்குப் பார்த்துக்கலாம்". காலணி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இரண்டாம் முறை, அண்ணன் காலை எடுத்த பிறகு. இப்போது ஆசையல்ல, பயம் என்னை நடக்க வைத்தது. சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று மூன்று கிலோ இறங்கியது. குதூகலம்! பிறகு தராசு முள் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். "இவ்வளவு கஷ்டப்பட்டும் ஒன்றுமில்லையே" என்று சலித்து விட்டுவிட்டேன். இறங்கிய மூன்று கிலோ, கூட இரண்டு கிலோவையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தது!

மூன்றாம் முறை நானாகத் தொடங்கவில்லை. எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் இருந்தார். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். எழுபதை நெருங்கிய வயது, தேகம் முருங்கைக்காய் மாதிரி. 2005இல் ஒரு விடியற்காலை என் வீட்டுக் கேட்டைத் தட்டினார்.

"தம்பி, எழுந்தாச்சா? பெரட்டு!"

"என்னக்கா, காலங்காத்தாலே?"

"அண்ணனைத்தான் பார்த்தியே. நீயும் அப்படிப் படுக்கணுமா? செருப்பை மாட்டு. எனக்கும் துணைக்கு ஆள் வேணும்."

மறுக்க முடியவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அன்று தொடங்கிய நடைதான், அன்பர்களே!

பெரட்டின் இரகசியம்

மாணவச் செல்வங்களே, பெரட்டு என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. தாத்தா பாட்டியைக் கேளுங்கள். தோட்டத்தில் இருட்டு விலகுமுன் மணி அடிக்கும். எல்லாரும் போய் வரிசையில் நிற்க வேண்டும். கிராணி பேர் கூப்பிடுவார், தண்டல் வேலை பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு.

அன்று நம் பாட்டனார்கள் "இன்றைக்கு எனக்கு உற்சாகம் இருக்கிறதா?" என்று தங்களைக் கேட்டுக்கொண்டா பெரட்டுக்குப் போனார்கள்? இல்லை! மணி அடித்தது, போனார்கள். ஆளுக்கு ஐந்நூறு மரம், அறுநூறு மரம். மரத்துக்கு மரம் நடை. குனிந்து நிமிர்ந்து வெட்டு. பிறகு பால் சேர்த்து, வாளிகளைக் காண்டாவில் தூக்கி நடை. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. அது கொடுமையான வாழ்க்கைதான். அதை நான் புகழ வரவில்லை. அந்த மணிக்கு அடிமையாய் நின்ற காலம் திரும்ப வேண்டாம். ஆனால் அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

உற்சாகம் ஒரு விருந்தாளி. நினைத்தபோது வரும், சொல்லாமல் போகும். விருந்தாளியை நம்பி யாராவது உலை வைப்பார்களா? பழக்கம்தான் வீட்டுக்காரன். மழையோ வெயிலோ அவன் வீட்டில் இருப்பான். முதல் இரண்டு முறையும் நான் விருந்தாளியை நம்பினேன். மூன்றாம் முறை எனக்குக் கிடைத்தது பெரட்டு. குறித்த நேரம், குறித்த இடம், பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள். இந்த மூன்றும்தான் இரகசியம்.

இதற்குச் சான்றும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு செய்த சோதனை ஒன்று 2010இல் வெளிவந்தது. நாள்தோறும் ஒரு செயலை ஒரே சூழ்நிலையில் செய்துவந்தால், அது தானாக நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாள் பிடிக்கும் என்று பார்த்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள், நடுத்தரமாக 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதகமில்லை என்றும் கண்டார்கள். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கத் தெரிந்தவர்கள் நாம். அத்துடன் இன்னும் 18 நாள் சேர்த்தால் 66. நம்மால் முடியாததா? விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, 49ஆம் நாள் ஆட்டுக்கறி வந்துவிடும். இதற்கு முடிவு நாள் கிடையாது. அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தராசு சொல்லாத செய்தி

தராசு முள் நின்றுவிட்டதென்று நான் விட்டேன் அல்லவா? அது என் அறியாமை. முதல் வாரங்களில் வேகமாக இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். கொழுப்பு மெல்லத்தான் கரையும். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவைப்படும் எரிபொருளும் குறையும், ஆகவே இறக்கம் மந்தமாகும். இது தோல்வியன்று, உடம்பின் இயல்பு.

சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வைச் சொல்கிறேன். 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு நாளும் அரைமணி நேரம் விரைவாக நடக்கவும், சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறைக்கவும் சொல்லித் தொடர்ந்து ஊக்கம் கொடுத்தார்கள். இத்தகைய தொடர் ஊக்கம் பெறாத பிரிவினரோடு ஒப்பிட்டால், நீரிழிவு வரும் அபாயம் இவர்களுக்கு நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது. இதில் விந்தை என்ன தெரியுமா? அவர்கள் எடை பெரிதாக இறங்கவேயில்லை! தராசு "ஒன்றுமில்லை" என்றது. இரத்தமோ "நன்மை நடந்திருக்கிறது" என்றது.

ஆகவே தாய்மார்களே, ஐயாமார்களே, தராசை நாளுக்கு மூன்று தடவை மிதித்து அதோடு சண்டை போடாதீர்கள். வாரம் ஒரு முறை போதும். அதைவிடத் தையல்கார நாடாவால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் போனால் எச்சரிக்கை மணி. நம்மவர்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். அந்த வயிற்றுக் கொழுப்புதான் வில்லன்.

எப்படி நடப்பது?

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு. ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். "எனக்கு ஓவர்டைம், எங்கே நேரம்?" என்பவர்கள் பத்துப் பத்து நிமிடமாய் மூன்று தடவை நடக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி துன் சம்பந்தன் சாலையில் நடந்து வீட்டுக்குப் போகலாம். கிள்ளான்காரர்களுக்குத் திடல்கள் இருக்கின்றன. எதுவும் இல்லையா? பிளாட் படிக்கட்டு இருக்கிறதே! வருடத்தில் ஒரு நாள் பத்துமலையின் 272 படிகளை ஏறுகிற கால்கள், மற்ற நாளில் மூன்று மாடிக்கு மின்தூக்கியைத் தேடுவது நியாயமா?

நடப்பதை இளக்காரமாக எண்ணாதீர்கள். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டி நடந்தது. நம் ஜி. சரவணன் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் போட்டியில் ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். நாம் எடை குறைப்பதும் அப்படித்தான். தாவிக் குதித்து ஓடுகிறவன் பாதியில் விழுவான். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நடப்பவன் போய்ச் சேருவான்.

தோட்டத்துப் பாட்டாளி அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பனைக் குலை அறுப்பவர்களுக்கு நான் உடற்பயிற்சி பற்றிப் பாடம் எடுத்தால் சிரிப்பீர்கள்! உங்களுக்கு வேலையே பயிற்சி. ஆனால் தாகத்துக்குப் புட்டிப் பானம் குடிக்காதீர்கள், தண்ணீர் கொண்டு போங்கள். இன்னொன்று, காவல் வேலைக்கோ வண்டி ஓட்டும் வேலைக்கோ மாறிய மறுநாளே சோற்றின் அளவையும் மாற்றுங்கள். நம் சமுதாயம் இடறி விழுந்த இடமே அதுதான். சீஃபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேயும் நிற்கின்றன. மரம் போயிற்று, நடை போயிற்று, காண்டா போயிற்று. ஆனால் அறுநூறு மரம் வெட்டிய பாட்டனாருக்குப் போட்ட அதே மலைச்சோறு மட்டும் நம் தட்டை விட்டுப் போகவில்லை!

தட்டில் என்ன?

நம் சுகாதார அமைச்சு "சுக்கு, சுக்கு, செப்பாரோ" என்று ஒரு வழி சொல்கிறது. கால், கால், அரை. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நாம் என்ன செய்கிறோம்? முக்கால் பங்கு சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்சம் பொரியல். அந்தப் பொரியலுக்கு வெட்கம் தெளியட்டும், நடுவில் வந்து உட்காரட்டும். காசு அதிகம் செலவாகும் என்று நினைக்க வேண்டாம். கீரை, பயற்றங்காய், தாவ்கே, தெம்பே, கெம்போங் மீன் எல்லாம் நம் கைக்கு எட்டியவைதான். லயத்துக் கொல்லையில் கீரை போட்ட பரம்பரை நாம். தாமானில் இரண்டு தொட்டியாவது வைக்கலாம்.

அடுத்து தே தாரிக். எனக்கும் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் அதில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. ஒரு குவளையில் வரும் சக்தியை நடந்து கரைக்க அரைமணி நேரம் வேண்டும். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் நாம் எவ்வளவு தூரம் நடப்பது? ஈப்போவுக்கே நடக்க வேண்டியிருக்கும்! ஒட்டுக்கடையில் உட்கார்ந்ததும் "கூராங் மானிஸ்" என்று சொல்லிப் பழகுங்கள். ஒரு மாதம் கழித்து "தே ஓ கோசோங்" என்று சொல்லுங்கள். நாக்கும் குழந்தை மாதிரிதான், பழக்கினால் பழகும். 2019 ஜூலை முதல் அரசாங்கமே இனிப்புப் பானங்களுக்கு வரி போடத் தொடங்கிவிட்டது. வரிக்குப் பயந்தல்ல, நம் பிள்ளைகளுக்காக விடுவோம்.

திருமணம், திருவிழா, பிறந்தநாள் வரத்தான் செய்யும். விருந்துக்குப் போங்கள், மகிழ்ச்சியாய்ச் சாப்பிடுங்கள். ஆனால் ஒரு நாள் விருந்தை ஒரு வாரம் இழுக்காதீர்கள். "இன்றைக்குத்தான் கெட்டுப் போச்சே, இனி அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிற எண்ணம்தான் பிரியாணியைவிடக் கெட்டது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்ற கருத்தை வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொல்லி வைத்தாரே, அதில் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அளவறியத்தான் சொன்னார்.

இங்கே ஐயாமார்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் காலையில் நடக்கப் போகும்போது வீட்டு அம்மா என்ன செய்கிறார்? அடுப்படியில் பசியாற செய்துகொண்டிருப்பார். எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று தன் வயிற்றில் போட்டுக்கொள்பவரும் அவர்தான். அவருக்கு எங்கே பெரட்டு? வாரத்தில் மூன்று நாளாவது நீங்கள் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு அவரை நடக்க அனுப்புங்கள். குடும்பத்துக்கே அது புண்ணியம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நீரிழிவு, இருதய நோய், காலில் புண் உள்ளவர்கள் முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு வெள்ளிதான் கட்டணம். நடக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் என்று யாராவது தூளோ மாத்திரையோ விற்க வந்தால் வாசலோடு அனுப்பி விடுங்கள். வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடவே கூடாது. அவர்களுக்கு வேண்டியது விளையாட்டும் நல்ல சாப்பாடும். பிள்ளைகளே, உங்கள் தோழன் பருமனாக இருந்தால் "குண்டு" என்று கூப்பிடாதீர்கள். கேலி செய்து யாரையும் ஓட வைக்க முடியாது, ஒளிந்துகொள்ளத்தான் வைக்கும். "வா, பந்து விளையாடலாம்" என்று கூப்பிடுங்கள். அதுதான் பெரட்டு!

விழுந்தாலும் வரிசைக்குத் திரும்பு

நான் ஒரு தவறும் செய்யாமல் இவ்வளவு காலம் நடந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். நடை நின்றது, பலகாரம் மட்டும் நிற்கவில்லை. ஆறு கிலோ ஏறிவிட்டது. பழைய ஆளாக இருந்திருந்தால் அத்தோடு கைவிட்டிருப்பேன். ஆனால் எனக்குப் பெரட்டு பழகியிருந்தது. காலை ஆறு மணிக்கு ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அவரவர் வீட்டு வரவேற்பறையிலேயே முன்னும் பின்னும் நடந்தோம். அந்த ஆறு கிலோ இறங்க ஒரு வருடம் பிடித்தது. பிடிக்கட்டுமே! இன்று என் எடை 77. இனிப்பு நீர் இன்னும் என்னைத் தொடவில்லை.

பேர் சொல்லி எழுப்பிய அந்த அக்கா இப்போது இல்லை. ஆனால் அவருடைய குரல் இருக்கிறது. நாள்தோறும் விடியற்காலை ஏழு வீட்டு வாசலில் நின்று நான் குரல் கொடுக்கிறேன். "பெரட்டு!" என்கிறேன். சிலர் முனகிக்கொண்டு வருகிறார்கள், ஆனால் வருகிறார்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று இங்கே பல பரிசுகள் வழங்கப்படுகின்றன. முதல் மாணவருக்குப் பரிசு, பேச்சுப் போட்டிக்குப் பரிசு, ஓட்டப் பந்தயத்துக்குப் பரிசு. அவற்றுக்கிடையே ஒரு சிறு பரிசு இருப்பதை அழைப்பிதழில் பார்த்தேன். 'முழு வருகைப் பரிசு'. கைதட்டல் அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பரிசு. ஆசை இருந்த நாளும் வந்தான், ஆசை இல்லாத நாளும் வந்தான். மழையிலும் வந்தான். பேர் கூப்பிட்டபோது "உள்ளேன் ஐயா" என்றான். உடல்நலம் என்பது அந்தப் பரிசைப் போன்றது. கெட்டிக்காரனுக்குக் கிடைப்பதில்லை, தவறாமல் வருகிறவனுக்குக் கிடைக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நாளைக் காலை அப்பாவையும் அம்மாவையும் பேர் கூப்பிடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் கிராணி, நீங்கள்தான் தண்டல். நாள்காட்டியில் நடந்த நாளுக்கு ஒரு சரி போடுங்கள். ஒரு நாள் விட்டால் திட்டாதீர்கள், மறுநாள் மீண்டும் கூப்பிடுங்கள். அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு உங்கள் பெற்றோர் இரண்டு கால்களோடும் தெளிந்த கண்களோடும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து நீங்கள் பரிசு வாங்குவதைப் பார்க்க வேண்டாமா? என் அண்ணனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவர் மகள் பட்டம் வாங்கிய அன்று அவர் நாற்காலி காலியாக இருந்தது.

அந்த நாற்காலி உங்கள் வீட்டில் காலியாகக் கூடாது. பெற்றோர்களே, நாளைக்கு உங்கள் பிள்ளை பேர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று சொல்லி எழுந்திருங்கள்.